தெரியாத துணையைத் தேடிய மெட்ராஸ் கேப்டன்: யார் இந்த ஜேக்கப்?

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் தினமும் நுங்கம்பாக்கத்தைக் கடக்கிறவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கல்லூரிச் சாலையில் இப்போது வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792 முதல் மெட்ராஸ் வானாய்வகம் இயங்கியது. அதன் கல்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அங்கிருந்து 1855-ல் ஒருவர், வேறொரு விண்மீன் ஜோடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பொருள் இருக்கக்கூடும் என்று அறிவித்தார். அவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்.

ராணுவம் டு வானியல்

1813-ல் இங்கிலாந்தில் பிறந்த ஜேக்கப், பம்பாய் ராணுவப் பொறியாளர். நில அளவைப் பணியிலும் இருந்தவர். புனேயில் இரட்டை விண்மீன்களை அளக்கத் தொடங்கி, 1847-ல் விருச்சிகத்தில் உள்ள 'நியூ ஸ்கார்ப்பி' மூன்று விண்மீன்களாகப் பிரிவதைக் கண்டார். அடுத்த ஆண்டே மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவரானார்.

என்ன கண்டுபிடித்தார்?

'70 ஒஃபியூகி' என்பது சுமார் 88 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் விண்மீன் ஜோடி. அவை கணக்குப்படி நகரவில்லை, லேசாக விலகுகின்றன என்று ஜேக்கப் கண்டார். அப்படியென்றால் ஏதோ ஒன்று இழுக்கிறது என்பது அவர் முடிவு.

சிக்கல் என்னவென்றால், இதில் அளக்க வேண்டிய கோணங்கள் ரொம்பச் சின்னவை. தாம்பரத்தில் வைத்த ஒரு ரூபாய் நாணயம் குரோம்பேட்டையிலிருந்து எவ்வளவு தெரியுமோ, கிட்டத்தட்ட அதுதான் ஒரு விகலை. காற்று அசைந்தாலே படம் அதைவிட அதிகமாகக் கலங்கிவிடும். ஜேக்கப் சொன்ன துணையைப் பிற்கால அளவீடுகள் உறுதிசெய்யவில்லை.

கடைசி எட்டு நாள்

காற்றுதான் தடை என்றால் அதற்கு மேலே ஏறிவிட வேண்டும். உடல்நலம் கெட்டு 1859-ல் பதவி விலகிய பிறகும் ஜேக்கப் இதை விடவில்லை. புனே அருகே மலைமீது ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1,000 பவுண்டு ஒதுக்கியது. 9 அங்குலத் தொலைநோக்கியை அவரே சொந்தமாக வாங்கினார். 1862 ஆகஸ்ட் 8-ல் பம்பாயில் இறங்கியவர், 16-ம் தேதி புனேயில் இறந்துபோனார். வயது 50-கூட ஆகவில்லை.

இன்று எப்படித் தேடுகிறார்கள்?

ஹைட்ரஜனை எரித்து விண்மீனாகும் அளவுக்கு நிறை இல்லாதவை 'பழுப்புக் குள்ளன்கள்'. ரொம்ப மங்கலானவை. அவற்றில் நெருக்கமான ஜோடிகளைப் பிரித்துப் பார்க்க, மலையுச்சியோடு 'அடாப்டிவ் ஆப்டிக்ஸ்' தொழில்நுட்பமும் கைகொடுக்கிறது. காற்றின் கலக்கத்தை அளந்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கண்ணாடியின் வடிவத்தை மாற்றி, படத்தைத் தெளிவாக்கும் முறை இது. சுமார் 12 ஒளியாண்டு தொலைவில் 'எப்சிலான் இண்டி' விண்மீனுக்குத் துணையாக ஒரே ஒரு பழுப்புக் குள்ளன் இருப்பதாக முதலில் நினைத்தார்கள். சிலி நாட்டு மலையுச்சித் தொலைநோக்கிகள் 2003-ல் இப்படிப் பார்த்தபோது அது இரண்டாகப் பிரிந்தது.

ஜேக்கப் சொன்ன துணை இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் எதை வென்றால் துணை தெரியும் என்பதில் அவர் கணக்குத் தப்பவில்லை.