சிதறிய ஒளி

திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில், வெட்டுவதற்கு முன் துணியை விளக்கொளி படரும் கண்ணாடிப் பலகைமீது ஓடவிட்டுப் பார்ப்பர். ஊடுருவி வரும் ஒளி, துணியின் ஓட்டையையும் இழைக்குறையையும் காட்டிவிடும். உடலின் திசுவையும் வெட்டாமலே ஒளியால் ஆராய இயலுமா? இவ்வினாவிற்கு மருத்துவம் இன்று காணும் விடைகளுள் ஒன்றிற்கு அடித்தளமிட்டவர் சர் சி. வி. இராமன்.

திருச்சிராப்பள்ளியில் 1888 நவம்பர் 7ஆம் நாள் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1907இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். அலுவலகப் பணிக்கு முன்னும் பின்னும் கிடைத்த பொழுதெல்லாம் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. 1917இல் உயர்ந்த ஊதியமுள்ள அரசுப் பணியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் மேற்கொண்ட கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் சிந்தனையைத் தூண்டியது. நீரின் மூலக்கூறுகள் ஒளியை எவ்வாறு சிதறடிக்கின்றன என்று ஆராயத் தொடங்கினார். மாணவர் கே. எஸ். கிருஷ்ணனின் அயராத துணையுடன் எளிய கருவிகளைக் கொண்டு ஏழாண்டுகள் தொடர்ந்த உழைப்பு, 1928 பிப்ரவரி 28 அன்று கனிந்தது. ஒரே நிறமுடைய ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, அதன் மிகச் சிறிய பகுதி நிறம் மாறி வெளிப்படுகிறது. அம்மாற்றம் மூலக்கூறுகளின் அதிர்வுக்கேற்ப அமைகிறது. இதுவே இராமன் விளைவு. 1930இல் இதற்காக அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும் இது மருத்துவத்தை எட்ட நெடுங்காலம் ஆயிற்று. சிதறும் ஒளித்துகள்களுள் ஏறத்தாழக் கோடியில் ஒன்றே நிறம் மாறுவதால், பாதரச விளக்கொளியில் அதைப் பதிவுசெய்யப் பல மணிநேரம் தேவைப்பட்டது. உயிருள்ள திசுவை ஆராய அம்முறை உதவாது. 1960இல் லேசர் ஒளி உருவானது. பின்னர் நுண்ணிய ஒளி உணரிகளும் ஒளியிழைகளும் துணைசேர, அந்நேரம் நொடிகளாகச் சுருங்கியது.

நோயறியத் திசுவை வெட்டியெடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்பதே வழக்கமான முறை. இராமன் நிறமாலைக் கருவிக்குச் சாயம் வேண்டா. புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் ஆகிய ஒவ்வொன்றும் சிதறிய ஒளியில் தனக்கே உரிய தடத்தைப் பதிக்கிறது. புற்றுநோய்த் திசுவில் இவற்றின் அளவும் அமைப்பும் மாறுவதால் தடங்களும் மாறுகின்றன. அறுவையின்போதே கட்டியின் எல்லையை அறிய உதவும் வகையில் இக்கருவிகள் உருவாகி வருகின்றன. மருத்துவரின் முடிவுக்கு அவை துணைநிற்கும்.

இராமன் 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் மறைந்தார். கண்டுபிடிப்பு நிகழ்ந்த பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாக நாடு கொண்டாடுகிறது. கடலின் நிறத்தை அறிய விழைந்த ஒருவரின் உழைப்பு, அவர் காலத்திற்குப் பின் நோயுற்றோருக்கும் பயன்தருகிறது.