பெறுமதி கேட்ட பெண்: எஃபா மென்லி

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பேஸ்போல் விளையாட்டில் பெரும்புகழ் பெற்றவர்களின் உருவத்தை வெண்கலப் பலகையில் பொறித்து வைக்கும் புகழ் மண்டபம் அங்கேதான் உள்ளது. முந்நூறுக்கும் மேற்பட்ட அந்தப் பலகைகளுள் ஒன்றில் மட்டுமே ஒரு பெண்ணின் முகத்தைக் காணலாம். அவர்தான் எஃபா மென்லி. அவர் மட்டை பிடித்து ஆடிப் புகழ் பெற்றவரல்லர். ஒரு கழகத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்தவர். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு படிப்பவள் நான். கணக்குப் புத்தகத்தின் வழியாக விளையாட்டு உலகின் உயர்ந்த பீடத்தை அடைந்த ஒரு பெண்ணைப் பற்றி அறிந்தபோது அவரைப் பற்றித்தான் இம்முறை எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பேஸ்போல் நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத விளையாட்டு. ஆனால் நமது எல்லே ஆட்டத்தை நினைத்துக்கொண்டால் அதைப் புரிந்துகொள்வது சுலபம். பந்தை அடித்துவிட்டு, வரிசையாக உள்ள நிலைகளைத் தொட்டுச் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். அமெரிக்கர்கள் இதனைத் தங்கள் தேசிய விளையாட்டென்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்தத் தேசிய விளையாட்டின் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமிருக்கவில்லை. எழுதி வைத்த சட்டம் எதுவுமில்லை. கழக உரிமையாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ளாமலே காத்து வந்த ஓர் உடன்பாடு அது.

இடம் கிடைக்காதவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1920 இல் ரூப் பொஸ்டர் என்ற கறுப்பின வீரர் கன்சாஸ் சிட்டி நகரில் ஏனைய கழக உரிமையாளர்களைக் கூட்டி ‘நீக்ரோ தேசிய லீக்’ என்ற அமைப்பை உருவாக்கினார். (இன்று மரியாதைக் குறைவாகக் கருதப்படும் இச்சொல்லே அக்காலத்தில் அமைப்பின் பெயராக இருந்தது.) பொருளாதார மந்தத்தினால் 1931 இல் அந்த லீக் நின்றுபோனது. 1933 இல் பிட்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த கஸ் கிரீன்லீ அதே பெயரில் இன்னொரு லீக்கைத் தொடங்கினார். எஃபா மென்லியின் கதை இந்த இரண்டாவது லீக்கோடு பிணைந்தது.

எஃபா பிலடெல்பியா நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிறந்தார். தாய் தையல் தொழில் செய்தவர். கறுப்பினத்தவரான வளர்ப்புத் தந்தையின் வீட்டில், கறுப்பினச் சகோதர சகோதரிகளோடு அவர் வளர்ந்தார். தம்மைப் பெற்றவர்கள் இருவருமே வெள்ளையர் என்று முதுமையில் அவர் கூறினார். அது எந்தளவுக்குச் சரி என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. அவருடைய நிறத்தைப் பார்த்தவர்கள் அவரை வெள்ளையர் என்றே நினைத்தார்கள். விரும்பியிருந்தால் அந்தப் பக்கத்திலேயே சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் கறுப்பினப் பெண்ணாகவே வாழ்ந்தார். அதற்குரிய கஷ்டங்களையும் ஏற்றுக்கொண்டார்.

படிப்பு முடிந்ததும் அவர் நியூயோர்க் சென்று பெண்களுக்கான தொப்பிகள் செய்யும் தொழிலில் ஈடுபட்டார். பேஸ்போல் பார்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. புகழ்பெற்ற பேப் ரூத்தின் ஆட்டத்தைக் காண யாங்கி மைதானத்துக்குப் போய்வருவார். அந்த மைதானத்தில்தான் தம் கணவர் ஏப் மென்லியைச் சந்தித்தார். ஏப் அவரைவிட வயதில் மூத்தவர், வசதியானவர். அந்த வசதி எண் சீட்டுச் சூதாட்டத்தில் இருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுப்பினக் கழகங்களின் உரிமையாளர்களுள் வேறு பலரின் முதலும் அத்தகையதே.

1934 இல் ஹார்லம் பகுதியில் நடந்த ஒரு போராட்டத்தில் எஃபாவின் பெயர் முதன்முதலாக வெளியே தெரிந்தது. 125 ஆம் வீதியில் புளூம்ஸ்டைன் என்ற பெரிய கடை இருந்தது. வாங்க வருபவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். விற்பனைப் பெண்களில் ஒருவர்கூட கறுப்பினத்தவரில்லை. வேலை தராத கடையில் பொருள் வாங்குவதில்லை என்று மக்கள் பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். அதை நடத்திய குடிமக்கள் சங்கத்தின் செயலாளர்களுள் எஃபாவும் ஒருவர். சில வாரங்களில் கடை பணிந்தது. கறுப்பினப் பெண்கள் விற்பனையாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். பணம் போகும் வழியை அடைத்தால் மனம் மாறாதவர்களும் வழிக்கு வருவார்கள் என்பதை அவர் அங்கே கண்டிருக்க வேண்டும் என நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஏப் மென்லி புரூக்ளின் ஈகிள்ஸ் என்ற கழகத்தை உருவாக்கி லீக்கில் சேர்த்தார். 1936 இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரத்துக் கழகமொன்றையும் வாங்கி இரண்டையும் ஒன்றாக்கினார். அவ்வாறு பிறந்ததே நியூவார்க் ஈகிள்ஸ். வீரர்களைத் தேடிப் பிடிப்பது ஏப்பின் வேலை. மற்ற எல்லாம் எஃபாவின் மேசைக்கு வந்தன. ஒப்பந்தம், சம்பளம், போட்டி அட்டவணை, பயண ஏற்பாடு, விளம்பரம், பத்திரிகைகளுக்கான கடிதம் அனைத்தையும் அவரே பார்த்தார்.

அக்காலத்தில் கறுப்பின வீரர்களின் வாழ்க்கை பஸ்ஸிலேயே கழிந்தது. ஒரே நாளில் இரண்டு ஊர்களில் ஆடவேண்டி வரும். பல ஹோட்டல்களில் அறை தரமாட்டார்கள்; பல உணவகங்களில் உட்காரவும் விடமாட்டார்கள். வீரர்கள் பஸ்ஸிலேயே உண்டு, அதிலேயே உறங்கினார்கள். பின்னாளில் எஃபா தம் கழகத்துக்குக் குளிரூட்டப்பட்ட பஸ் வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அன்றைய நிலையில் அது பெரிய வசதி. அவர் கண்டிப்பானவர், வீரர்களின் உடை, ஒழுக்கம், நேரம் தவறாமை அனைத்தையும் கவனித்தார். ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் யோசித்தார்.

லீக் கூட்டங்களில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். லீக்கின் தலைவராக இருப்பவர் எந்தக் கழகத்துக்கும் உரிமையாளராக இருக்கக் கூடாது என்று அவர் வாதிட்டார். பெரிய மைதானங்களைப் பிடித்துக் கொடுக்கும் வெள்ளையின முகவர்கள் நுழைவுச்சீட்டு வருமானத்தில் பங்கு எடுத்துச் செல்வதையும் எதிர்த்தார். ஒரு பெண் இதிலெல்லாம் தலையிடுவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர் கேட்டவை நல்ல நிருவாகத்தின் அரிச்சுவடி என்று கணக்கீடு படிக்கும் எவருக்கும் தெரியும்.

கழகத்தைச் சமூகப் பணிக்கும் அவர் பயன்படுத்தினார். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காகப் பாடுபட்ட தேசிய சங்கத்தின் நியூவார்க் கிளையில் பொருளாளராக இருந்தார். கறுப்பினத்தவரை விசாரணையின்றிக் கும்பல் கூடித் தூக்கிலிடும் கொடுமை அன்று அமெரிக்காவில் நடந்து வந்தது. 1939 இல் எஃபா தம் மைதானத்தில் அக்கொடுமைக்கு எதிரான நாளொன்றை நடத்தினார். ரசிகர்களை இருக்கைகளுக்கு அழைத்துச் சென்ற பெண்கள் அதை நிறுத்தக் கோரும் வாசகம் எழுதிய பட்டியை அணிந்திருந்தார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அதைப் படிக்காமல் தங்கள் இருக்கைக்குப் போயிருக்க முடியாது.

1946 ஈகிள்ஸின் பொற்காலம். போர்முனையில் இருந்து திரும்பிய லியோன் டே, பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்கு ஓர் அடியைக்கூட விட்டுக்கொடுக்காமல் பந்து வீசினார். லெரி டோபியும் மொன்டி இர்வினும் அதே அணியில் ஆடினார்கள். கறுப்பின லீக்குகளின் உலகத் தொடரில் கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியோடு ஏழு ஆட்டங்கள் நடந்தன. ஏழாவது ஆட்டத்தில் 3 – 2 என வென்று ஈகிள்ஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த ஆண்டு நியூவார்க்கில் சுமார் 120,000 பேர் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள்.

ஆனால் அதற்கு முன்னரே வேறொரு மாற்றம் தொடங்கியிருந்தது. புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்தின் பிராஞ்ச் ரிக்கி 1945 இல் மொனார்க்ஸ் வீரரான ஜெக்கி ரொபின்சனை ஒப்பந்தம் செய்தார். 1947 ஏப்ரல் 15 இல் ரொபின்சன் பெரிய லீக்கில் ஆடியபோது நீண்டகாலத் தடை உடைந்தது. அது நீதியின் வெற்றி என்பதில் சந்தேகமில்லை. எஃபாவும் அதை வரவேற்றவரே. ஆனால் ரொபின்சனை வளர்த்த கழகத்துக்கு ஒரு சதமும் கொடுக்கப்படவில்லை. ஈகிள்ஸின் இளம் பந்துவீச்சாளர் டொன் நியூகொம்மையும் ரிக்கி அவ்வாறே அழைத்துச் சென்றார். கறுப்பின லீக்குகள் முறையான லீக்குகளே அல்ல, எனவே அவற்றின் ஒப்பந்தங்களுக்கு மதிப்பில்லை என்பது அவர் எடுத்த நிலைப்பாடு.

எதிர்த்துப் பேசுவது சுலபமாக இருக்கவில்லை. பேசினால் தன் இனத்து இளைஞனின் முன்னேற்றத்தைத் தடுக்கிறார் என்ற பழி வரும். ஏனைய உரிமையாளர்கள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டார்கள். எஃபா பேசினார். இளைஞர் போகட்டும், ஆனால் அவரைக் கண்டெடுத்துப் பயிற்றி ஆளாக்கிய கழகத்துக்கு உரியதைக் கொடுத்துவிட்டு அழைத்துப் போங்கள் என்பதே அவருடைய வாதம்.

1947 ஜூலையில் கிளீவ்லண்ட் கழகத்தின் பில் வெக் லெரி டோபியைக் கேட்டு வந்தார். ரிக்கியைப் போலன்றி அவர் பணம் கொடுக்கத் தயாராக இருந்தார். 10,000 டொலர், டோபி அணியில் நிலைத்தால் மேலும் 5,000. இதே திறமையுள்ள வெள்ளையின வீரர் என்றால் 100,000 டொலர் கொடுத்திருப்பீர்கள் என்று எஃபா அவரிடம் நேரடியாகவே சொன்னார். எனினும் டோபியின் வழியை மறிக்காமல் சம்மதித்தார். அமெரிக்கன் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் என்ற பெருமை டோபிக்குக் கிடைத்தது. கழகத்துக்கு உரிய முழு விலை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கழகத்தின் ஒப்பந்தத்துக்கு விலை உண்டு என்பது எழுத்தில் பதிவாகிவிட்டது.

ரசிகர்கள் ரொபின்சனையும் டோபியையும் பார்க்கப் புறப்பட்டார்கள். ஈகிள்ஸ் மைதானத்துக்கு 1947 இல் சுமார் 57,000 பேர், 1948 இல் சுமார் 35,000 பேரே வந்தார்கள். அதே 1948 இல் ரொபின்சன் ஒரு சஞ்சிகையில் கறுப்பின லீக்குகளின் குறைகளைக் கடுமையாக எழுத, எஃபா இன்னொரு சஞ்சிகையில் பதில் எழுதினார். தாம் ஏறி வந்த ஏணியை அவர் மறந்துவிட்டார் என்பது எஃபாவின் மனத்தாங்கல். ரொபின்சன் சொன்ன குறைகள் பல உண்மையானவை. பஸ் பயணமும் தங்குமிடமும் அவர் அனுபவித்தறிந்தவை. ஆயினும் அந்தக் குறைகளில் பெரும்பகுதி அந்த லீக் தானாகத் தேடிக்கொண்டதல்ல என்பதும் உண்மை. இந்த இடத்தில் இருவரில் ஒருவரை மட்டும் சரியென்று சொல்ல என்னால் முடியவில்லை.

அந்தப் பருவத்தோடு லீக் கலைந்தது. மென்லி தம்பதியர் கழகத்தை விற்றார்கள். அது ஹூஸ்டன் நகருக்குச் சென்றது. மொன்டி இர்வினையும் பணமின்றி எடுக்க ரிக்கி முயன்றபோது எஃபா சட்டத்தரணியை வைத்து எதிர்த்தார். ரிக்கி பின்வாங்க, 1949 இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் கழகம் 5,000 டொலர் கொடுத்து இர்வினைப் பெற்றது.

1952 இல் ஏப் காலமானார். எஃபா பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸில் குடியேறினார். பழைய வீரர்கள் மறக்கப்பட்டுவிடக் கூடாதென்று புகழ் மண்டபத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். 1976 இல் இன்னொருவருடன் இணைந்து கறுப்பின பேஸ்போல் பற்றி நூலொன்றையும் வெளியிட்டார். 1981 ஏப்ரலில் அவர் மறைந்தார். 2006 இல் கறுப்பின லீக்குகளைச் சேர்ந்த பதினேழு பேர் ஒன்றாகப் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானபோது அவர்களுள் எஃபாவும் ஒருவரானார்.

கணக்கீட்டில் நன்மதிப்பு என்றொரு சொத்து உண்டு. கட்டடம்போலக் கண்ணுக்குத் தெரியாது. பல்லாண்டு உழைப்பினால் ஒரு தொழிலுக்குச் சேரும் பெறுமதி அது. தொழிலை வாங்குபவர் அதற்கும் விலை கொடுக்க வேண்டும். வீரர்களைத் தேடி, பயிற்றி, பஸ்ஸில் ஊரூராகக் கொண்டுசென்று, ரசிகர்களைச் சேர்த்த அந்த லீக்கின் நன்மதிப்பைப் பெரிய கழகங்கள் விலையின்றி எடுத்துக்கொண்டன. கதவு திறந்தது நியாயம். வெளியே நின்றவர்கள் கட்டியெழுப்பியதைப் பெறுமதியற்றதென்று எழுதிவிட்டது அநியாயம். எஃபா முன்னையதற்கு மகிழ்ந்துகொண்டே பின்னையதைத் தட்டிக் கேட்டார். அதற்கு அவருக்கு நன்றியைவிட ஏச்சே அதிகம் கிடைத்தது.

2020 டிசம்பரில் அமெரிக்கப் பெரிய லீக் நிருவாகம் ஓர் அறிவிப்பை விடுத்தது. 1920 முதல் 1948 வரையான காலத்தின் ஏழு கறுப்பின லீக்குகளும் பெரிய லீக்குகளே என அது ஏற்றுக்கொண்டது. எஃபா இறந்து அப்போது முப்பத்தொன்பது ஆண்டுகள். முறையான லீக்கே அல்ல என்று ஒப்பந்தங்களை ஒதுக்கித் தள்ளியவர்களின் வாதம் அன்று அவர்களுடைய நிருவாகத்தாலேயே தள்ளுபடியானது. நியூகொம்முக்காக ஈகிள்ஸுக்குச் சேர வேண்டிய பணம் மட்டும் இன்னும் கொடுக்கப்படாத கணக்காகவே இருக்கிறது.