ஓய்வறியாத காயிதெ மில்லத்

சிராங்கூன் ரோட்டிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் கடை வைத்திருந்த நம் பெரியவர்கள் பலர், மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்த் திண்ணையில் உட்காருவதையே ஓய்வு என்று எண்ணினார்கள். வேறு சிலர் மௌத்து வரையில் கல்லாப் பெட்டியை விடவேயில்லை. இவ்விரண்டுமல்லாத மூன்றாவது வழியொன்று உண்டு. அதில் நடந்து காட்டியவர் காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

அவர்கள் 1896-ம் வருஷம் ஜூன் 5-ந் தேதி திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். நம்மிடையே உள்ள கடையநல்லூர், தென்காசிச் சகோதரர்களுக்குப் பழைய ஜில்லாக் கணக்கில் சொந்த ஊர்க்காரர். தகப்பனார் மியாகான் ராவுத்தர், மார்க்கக் கல்வியுள்ள வியாபாரி. 1909-ல், 13 வயதிலேயே, இஸ்மாயில் சாஹிப் ஊர் வாலிபர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது பி.ஏ. படிப்பை விட்டு வெளியேறினார்கள். பின்னர் சென்னையில் தோல் வியாபாரத்தில் ஈடுபட்டார்கள்.

1946-ல் சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவரானார்கள். பிரிவினைக்குப் பின் முஸ்லிம் லீக்கைக் கலைத்துவிடுவதே நல்லது என்று பலர் சொன்ன சமயம் அது. 1948 மார்ச் 10-ந் தேதி சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டம் கட்சியை வைத்துக்கொள்ள முடிவு செய்து, அவர்களைத் தலைவராக்கியது. அப்போது வயது 51. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் மொழி விவாதம் வந்தபோது, பழமைதான் அளவுகோல் என்றால் தமிழைக் கவனிக்க வேண்டுமென்று வாதாடினார்கள்.

இனிமேல்தான் நாம் கணக்குப் பார்க்க வேண்டிய பகுதி. அக்காலத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தர் பென்ஷன் வாங்கிய 55-வது வயதில், 1952-ல், அவர்கள் ராஜ்ய சபைக்குப் போனார்கள். 65 வயதில், 1962-ல், மலையாள நாட்டு மஞ்சேரித் தொகுதி மக்கள் இந்தத் தமிழரை லோக்சபைக்கு அனுப்பினார்கள். 70 வயதில், 1967-ல், மீண்டும் அதே தொகுதி. அவ்வருஷமே தமிழ்நாட்டில் அண்ணாதுரை, ராஜாஜி ஆகியோருடன் கூட்டு நின்று ஆட்சி மாற்றத்தில் பங்கு கொண்டார்கள். 1971-ல், 74 வயதில், மூன்றாம் முறையும் வெற்றி. 1972 ஏப்ரல் 5-ந் தேதி, மெம்பராக இருக்கும்போதே வபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கம். 1974-ல் சென்னையில் பெண்களுக்கான அரசுக் கல்லூரி அவர்கள் பெயரில் ஏற்பட்டது.

இது தற்செயலாக வந்ததா? இல்லை. 13 வயதில் போட்ட விதை 65-ல் பழுத்தது. 60 வயதுக்குப் பிறகு பொதுவேலை தேடி அலைந்தவரல்லர். வேலை முன்பே கையில் இருந்தது. வயது ஏற ஏறப் பொறுப்பும் ஏறியது.

சிங்கப்பூரில் சம்பளக்காரருக்குச் சட்டம் உண்டு. 1993-ல் ஓய்வு வயது 60 ஆயிற்று. 2022-ல் 63 ஆயிற்று. கடைக்காரனுக்கு அப்படிச் சட்டமில்லை. அவன் நாளை அவனே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் மகனுக்கும் தொழில் பழகாது. தகப்பனுக்கும் மதிப்புக் குறையும். ஆகவே 45 வயதிலேயே ஒரு பொறுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் கணக்கோ, பிள்ளைகளின் படிப்பு நிதியோ, புதிதாகக் கடை வைப்பவனுக்கு யோசனை சொல்வதோ, எதுவானாலும் சரி. வாரம் ஒரு மாலை போதும். சாவியைக் கொடுக்கும் நாளில் போய்ச் சேர இடமிருக்கும்.