கால் அடிக்கடி இடறுதா? ஜாக்குலின் டு பிரேயின் கதையைப் படிங்க

செல்லோ கேட்டிருக்கீங்களா? உட்கார்ந்து, கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் பெரிய நரம்புக் கருவி அது. அதில் உலகப் புகழ் பெற்றவர் ஜாக்குலின் டு பிரே. 1945-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் பிறந்தவர். 20 வயதில் அவர் வாசித்துப் பதிவான எல்கரின் செல்லோ கான்செர்டோவை இன்றும் மக்கள் தேடிக் கேட்கிறார்கள்.

1971-இல் அவருடைய விரல்களில் உணர்ச்சி குறையத் தொடங்கியது. களைப்பும் பலவீனமும் வந்து வந்து போயின. மன அழுத்தமாக இருக்கும் என்றே முதலில் நினைத்தார்கள். 1973-இல் செல்லோ பெட்டியைத் திறப்பதே சிரமமாகிவிட்டது. விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் வாசித்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில்தான் நோயின் பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்எஸ். அப்போது அவருக்கு வயது 28. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய் இது. அன்று எம்ஆர்ஐ ஸ்கேன் கிடையாது, நோயைத் தடுக்கும் மருந்தும் இல்லை. சக்கர நாற்காலியிலும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1987-இல், 42 வயதில், லண்டனில் காலமானார்.

கோலா கங்சாரில் இருக்கும் உங்களுக்கு இது எதற்கு? ஐரோப்பாவைவிட நம் நாட்டில் எம்எஸ் அரிது. அதனாலேயே சந்தேகம் தாமதமாக வரலாம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, பெண்களுக்கே அதிகம்.

என்ன கவனிக்கணும்?

பேராக் ஆற்றோரம் நடக்கும்போது ஒரு கால் மட்டும் இழுபடுதா? சிலிப்பர் தானாகக் கழன்று போகுதா? படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க பயமா இருக்கா? வெயிலில் நடந்தால் கால் இன்னும் தளர்ந்து போகுதா? ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், சும்மா களைப்புதான் என்று விட்டுடாதீங்க. வேறு காரணங்களும் இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும்.

கிளினிக்கில் ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள். 25 அடி நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்க்கலாம். தேவைப்பட்டால் நரம்பியல் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

இன்றைய மருந்துகள் புதிய தாக்குதல்களைக் குறைக்கும். சேதமான நரம்பை முழுசா மீட்டுத் தராது. அதனால் சீக்கிரம் போறது முக்கியம். அறிகுறி வந்து மறைந்தாலும், வந்த தேதியை போனில் குறிச்சு வைங்க. டாக்டரைப் பார்க்கும் நாளில் உங்கள் கால் நன்றாகவே நடக்கலாம். அந்தக் குறிப்புதான் பேசும்.