ஆச்சாரியா ரேயும் என் ஒரு லிட்டர் அமிலமும்

மலருக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உடனே நினைவுக்கு வந்தவர் பிரபுல்ல சந்திர ரே. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ரே 1861-இல், இன்று பங்களாதேஷில் உள்ள ராருலி கிராமத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்று, 1887-இல் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கினார். 1889-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். 1892-இல் வாடகை வீட்டில் சிறு முதலோடு அவர் தொடங்கிய மருந்துத் தொழில்தான், 1901-இல் பெங்கால் கெமிக்கல் என்ற கம்பெனியாயிற்று.

1896-இல் அவர் பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் இட்டார். நம்ம ஊர்ப் பட்டாசு மருந்தில் சேரும் வெடியுப்பு இந்த அமிலத்தின் உப்புதான். அடர் அமிலமாயிருந்தால் செம்பழுப்புப் புகை கிளம்பி, மெர்குரிக் நைட்ரேட் கிடைக்கும். அவர் எடுத்ததோ தண்ணீர் கலந்த, சூடாக்காத அமிலம். எதிர்பாராமல் மஞ்சள் படிகம் படிந்தது. தவறு என்று கொட்டிவிடாமல் ஆராய்ந்தார். அது மெர்குரஸ் நைட்ரைட். உலக விஞ்ஞானிகள் அவரைத் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. 60 வயதுக்குப் பின், சம்பளத்தைத் தனக்கென்று எடுக்காமல் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே கொடுத்தார். 1944-இல் மறைந்தார்.

இனி என் கதை. இரண்டாம் ஆண்டு பிராக்டிகலுக்கு 1 மோலார் நைட்ரிக் அமிலம் 1 லிட்டர் வேண்டும். அட்டெண்டர் அண்ணனுக்கு வேலை அதிகம். நான் பண்றேன்னு வாங்கிக்கொண்டேன். பாட்டிலில் இருந்தது 16 மோலார். தண்ணீர் சேர்த்தால் செறிவு குறையும், மோல் எண்ணிக்கை மாறாது. தேவை 1 மோல். 1000-ஐ 16-ஆல் வகுத்தால் 62.5 மி.லி. கணக்கு சரி. அமிலத்தைத்தான் தண்ணீரில் விட்டேன், அதுவும் சரி. ஆனால் முழுசா 1 லிட்டர் தண்ணீர் அளந்துவைத்து அதில் ஊத்திட்டேன்! மொத்தம் 1062.5 மி.லி. ஆகி, செறிவு 0.94-க்கு இறங்கிவிட்டது. கொஞ்சம் தண்ணீரில் அமிலத்தை விட்டு, ஆறவைத்து, பிறகு 1 லிட்டர் கோடு வரை நிரப்பியிருக்க வேண்டும்.

அன்று வகுப்பு முழுக்க டைட்ரேஷன் தப்பு. திட்டு வாங்கியவர் அட்டெண்டர் அண்ணன். நான் வாயே திறக்கலை.

எதிர்பாராத முடிவைக் கண்டு ரே ஏன் என்று கேட்டார், நான் ஒளித்தேன். அதனால்தான் அவரைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஒரு லிட்டர் ஞாபகம் வருகிறது.

நண்பர்களே, உங்கள் ரெக்கார்டைக் கெடுத்தவன் நான்தான். அண்ணன் இந்தச் சந்திப்புக்கு வருகிறார் என்று கேள்வி. முதல் வேலையாக அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். தம்பி தங்கைகளே, நீங்கள் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.