மோட்டாரை நேசித்தவர், மோட்டாரை விட்டு விலகினார்!
கோவை ஜி.டி.நாயுடு வாழ்க்கைக் கதை

ஆண்டிமடத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஜெயங்கொண்டம் போக வேண்டுமா? பஸ் ஏற வேண்டும். விருத்தாசலம் போக வேண்டுமா? அதற்கும் பஸ்தான்.

முந்திரிக்காட்டு ஊர்களில் மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருள் அல்ல. கல்யாணத்துக்குப் போவதும் அதில்தான். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதில்தான். அதனால், சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம். ஆயுத பூஜை அன்று கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டுவார்கள். வீட்டில் அதுவும் ஒரு பிள்ளை மாதிரி.

ஆனால் வண்டிக்கு வயதாகிறது. வண்டிக்காரருக்கும் வயதாகிறது. இரவில் எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறது. கிளட்சை மிதித்தால் முழங்கால் வலிக்கிறது. விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரியவருக்கு மனம் வருவதில்லை.

விற்பதா? வைத்துக்கொள்வதா? அடுத்தவர் கையில் கொடுப்பதா?

இந்தக் கேள்வியை மிகப் பெரிய அளவில் சந்தித்த மனிதர் ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவர் ஒரு வண்டியை நேசித்தவர் அல்ல. நூற்றுக்கணக்கான வண்டிகளை வளர்த்தவர். அவர்தான் ஜி.டி.நாயுடு.

மணல் வீசிய பையன்

கோவை மாவட்டத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பிற்காலத்தில் உலகம் அவரை ஜி.டி.நாயுடு என்று அறிந்தது.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் மீது மணலை வீசிவிட்டு ஓடுவார். படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. தோட்டத்து வேலைக்கு வந்துவிட்டார்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானே ஓடுகிறது! பையன் திகைத்துப் போனான். அன்று பிடித்த ஆசை அவரைக் கடைசி வரை விடவில்லை.

வண்டி வாங்கப் பணம் வேண்டுமே? கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சம்பளத்தைச் சேர்த்து வைத்தார். ஏறக்குறைய 20 வயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டார்.

வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். மறுபடியும் பூட்டினார். எந்த உறுப்பு எதற்கு என்று தெரிந்துகொண்டார். மெக்கானிக் வேலை அவருக்குக் கைவந்தது. அவருக்கு ஆசிரியர் அந்த மோட்டார் சைக்கிள்தான்.

ஒரு பஸ், பல பஸ்

பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பணம் வந்தது, வந்த பணம் நஷ்டத்தில் போயிற்று. அப்போது கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். அவர் கடன் கொடுத்து உதவினார். அதைக்கொண்டு நாயுடு ஒரு பஸ் வாங்கினார்.

1920-ல் அந்த பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அப்போது நாயுடுவுக்கு வயது 27.

ஒரு பஸ் இரண்டாயிற்று. இரண்டு பத்தாயிற்று. யூ.எம்.எஸ். என்ற அவருடைய கம்பெனி வளர்ந்தது. 1933-ல் அதில் ஏறக்குறைய 280 பஸ்கள் இருந்தன. ஓட்டலில் தட்டு எடுத்தவர், தென்னாட்டின் பெரிய பஸ் முதலாளிகளில் ஒருவர் ஆகிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. வெளிநாடுகளுக்குப் போனார். எந்திரங்களைப் பார்த்தார். மின்சாரத்தில் ஓடும் சவரக் கருவி செய்தார். மெல்லிய பிளேடு செய்தார். பழத்தைப் பிழியும் கருவி செய்தார். மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி செய்தார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார். பயிர் விளைச்சலிலும் புதுப்புது சோதனைகள் செய்தார்.

51 வயதில் எடுத்த முடிவு

1944-ம் ஆண்டு வந்தது. நாயுடுவுக்கு வயது 51. உடம்பில் தெம்பு இருந்தது. தொழிலில் பெயர் இருந்தது. அந்த நேரத்தில் அவர் ஒரு முடிவு எடுத்தார். மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்!

முப்பது ஆண்டுக் காதல். மோட்டார் சத்தம் கேட்டே வளர்ந்த வாழ்க்கை. அதை விட்டு விலகுவது லேசான காரியமா?

ஆனால் அவர் வெறுங்கையோடு விலகவில்லை. ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு உதவித் தொகை அறிவித்தார். தம்மிடம் வேலை பார்த்தவர்களின் நலத்துக்குத் திட்டம் அறிவித்தார். பின்தங்கிய மக்களுக்கும் உதவி அறிவித்தார். வண்டிகள் ஈட்டிய செல்வம், மனிதர்களை வளர்க்கத் திரும்பியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கை நடுங்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. இனி முடியாது என்று மற்றவர்கள் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. முடியும் என்கிற காலத்திலேயே விலகினார். அதனால் யாரிடம், எதற்காக, எப்படி ஒப்படைப்பது என்பதை அவரே தீர்மானிக்க முடிந்தது.

மறு ஆண்டே அடுத்த வேலை பிறந்தது. 1945-ல் கோவையில் அவருடைய முயற்சியால் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. தொடக்கப் பள்ளியைத் தாண்டாத நாயுடு அங்கே முதல்வராகவும் இருந்தார்!

ஆனால் ஒரு தகராறு. நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஒப்பவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார். கல்லூரி நிற்கவில்லை, வளர்ந்தது. அதுவே பிற்காலத்தில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

பறிபோன கார்

தாமாக விட்டுக்கொடுத்தது ஒரு வகை. கையிலிருந்து பறிபோவது இன்னொரு வகை. நாயுடு அதையும் அனுபவித்தார்.

1952-ல் அவர் ஒரு சிறு கார் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை இரண்டாயிரம் ரூபாய்தான். நடுத்தரக் குடும்பமும் காரில் போகும் காலம் வந்துவிடும் போல இருந்தது.

ஆனால் அந்தக் காரைத் தயாரிக்க அரசாங்கம் லைசென்சு கொடுக்கவில்லை. கார் சந்தைக்கு வராமலே போயிற்று. அப்போது நாயுடுவுக்கு 59 வயது.

இந்தியத் தொழிலை வரியும் கட்டுப்பாடும் நசுக்குகின்றன என்று அவர் மனம் கொதித்தார். 1950-களில், தாமே தயாரித்த ரேடியோ முதலிய பொருள்களைப் பலர் பார்க்க உடைத்துக் காட்டினார். பெற்றவரே பிள்ளையை அடிப்பது போன்ற காட்சி அது.

பஸ் கம்பெனியின் பொறுப்பை அமைதியாக விட்டவர், ஒரு சின்னக் காருக்காக ஏன் இவ்வளவு வேதனைப்பட வேண்டும்? பஸ்களை விடும் முடிவை அவர் எடுத்தார். காரைப் பற்றிய முடிவை வேறு யாரோ எடுத்தார்கள். முதுமையில் வண்டிச் சாவியைப் பிள்ளைகள் பிடுங்கி ஒளித்து வைக்கும் வீடுகளில், பெரியவர்கள் ஏன் கலங்குகிறார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும். இழப்பு வண்டி மட்டும் அல்ல. கேட்காமல் செய்தார்களே என்பதுதான் உள்ளே குத்துகிறது.

வைத்துக்கொண்டது என்ன?

எல்லாவற்றையும் விட்டுவிட்டாரா? இல்லை. பார்த்துக் கற்கத் தகுந்த பொருள்களை அவர் சேர்த்து வைத்தார். எந்திரங்கள், கருவிகள், வினோதப் பொருள்கள் எல்லாவற்றையும் பொதுமக்கள் பார்க்கும்படி கோவையில் கண்காட்சி அமைத்தார். கழற்றிப் பூட்டிக் கற்றவர் அல்லவா? ஊர்ப் பிள்ளைகளும் கண்ணால் கண்டு கற்கட்டும் என்று வழி செய்தார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவர் மறைந்து 41 ஆண்டுகளுக்குப் பிறகு, 2015-ல், கோவை அவினாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் திறக்கப்பட்டது. பல நாட்டுப் பழைய கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஓடி ஓடித் தேய வேண்டிய வண்டிகள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வண்டிகளாக நிற்கின்றன.

வீட்டுக்கு வீடு

எல்லோர் வீட்டிலும் மியூசியம் வைக்க முடியாது. ஆனால் பழைய வண்டி உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில சட்டங்கள் உண்டு.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று பெற்று, 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஓட்டுபவருக்கு 55 வயது தாண்டினால், ஓட்டுநர் லைசென்சையும் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு டாக்டர் சான்று தேவை. 50 ஆண்டு தாண்டிய பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை 2021-ல் வந்தது. அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டு போகலாம்.

விற்பது என்றால், பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறியதா என்று பார்த்துவிட வேண்டும். பெயர் மாறாத வண்டி எங்காவது மோதினால், வம்பு பழைய சொந்தக்காரர் வாசலுக்கு வரும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, பெரியவரைக் கூட வைத்துக்கொண்டு பேச வேண்டும். வண்டி யாரிடம் போக வேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பக்கத்து ஊர் மெக்கானிக் பையனுக்குக் கொடுக்கலாம் என்று அவர் சொல்லக்கூடும். பேரனுக்கு என்று சொல்லக்கூடும். இன்னும் ஒரு வருஷம் பகலில் மட்டும் ஓட்டுகிறேன் என்றும் சொல்லக்கூடும். எதுவானாலும் அது அவர் முடிவாக இருக்கட்டும்.

பாலத்துக்குப் பெயர்

கோவை அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. நாயுடு தொடங்கி வைத்த கல்லூரியின் நினைவாக மக்கள் வாயில் நிலைத்த பெயர் அது. கவர்னர் ஹோப் யார் என்று கேட்டால், அங்கே பஸ் ஏறுபவர்களில் பலருக்குத் தெரியாது.

அதே சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் கட்டினார்கள். 2025-ம் ஆண்டு அக்டோபரில் அது திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு பெயரை வைத்தார்கள்.

மோட்டார் தொழிலை விட்டு அவர் விலகி 81 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அவர் பெயர் தாங்கிய பாலத்தின் மேல் இரவும் பகலும் மோட்டார் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.