சாய ஆலையில் தொடங்கிய கேள்வி

எங்க தாத்தாவுக்கு ஒன்னுக்கு சிவப்பா போச்சு. வலி இல்ல. உடம்பு சூடுன்னு சொல்லி இளநீர் குடிச்சே ஆறு மாசம் ஓட்டிட்டார். அப்புறம் ஆமத்தூர்ல இருந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். சிறுநீர்ப்பை புற்றுநோய். டாக்டர் முதல்ல கேட்டது, எத்தனை வருஷமா பீடி குடிக்கிறீங்கன்னு.

புகை போறது நுரையீரலுக்கு. சிறுநீர்ப்பையில எப்படி? அதைத் தேடினப்போ கிடைச்ச பெயர் லூட்விக் ரேன்.

ரேன் 1849-ல் ஜெர்மனியில் பிறந்தார். அப்பாவும் டாக்டர். மார்பர்க்கில் மருத்துவம் படித்து, ஃபிராங்க்ஃபர்ட்டில் அறுவை மருத்துவர் ஆனார். 1896 செப்டம்பர் 9-ம் தேதி, கத்திக்குத்து பட்ட 22 வயசு இளைஞனோட இதயத்தில் தையல் போட்டார். இதயத்தைத் தொடவே கூடாதுன்னு நம்பிய காலம் அது. அந்த இளைஞன் பிழைத்தான், ரேன் புகழ் பெற்றார்.

ஆனா அதுக்கு முந்தின வருஷமே அவர் இன்னொரு பெரிய வேலை செஞ்சிருந்தார். மெஜந்தா சாயம் தயாரிக்கிற ஆலைத் தொழிலாளிகள் சிலருக்கு சிறுநீர்ப்பையில் கட்டி இருந்ததை அவர் கவனித்தார். எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நோய். சுவாசிக்கிற கெமிக்கல்தான் காரணம்னு 1895-ல் மருத்துவர்கள் மாநாட்டில் சொன்னார். அவர் சந்தேகப்பட்டது அனிலினை. அங்கேதான் கொஞ்சம் தவறிட்டார். 1930-ல் அவர் இறந்தார்.

1938-ல் நாய்களை வைத்துச் செய்த ஆய்வில் உண்மையான குற்றவாளி ஒன்று தெரிந்தது: 2-நாஃப்தைலமின். பிரிட்டன் 1967-ல் அதைத் தடை செய்தது. ஆனா புகையிலைப் புகையில் அது இன்னும் இருக்கு, கூடவே அதே குடும்பத்து 4-அமினோபைஃபினைலும்.

வழி இதுதான். புகை நுரையீரல் வழியா ரத்தத்தில் கலக்குது. கல்லீரல் அந்த கெமிக்கலை மாற்றுது. சிறுநீரகம் வடிகட்டி சிறுநீர்ப்பைக்கு அனுப்புது. அங்கே அது மணிக்கணக்கில் தங்கி, உள்சுவர் செல்களோட டிஎன்ஏவில் ஒட்டிக்குது. வருஷக்கணக்கில் இது நடந்தா புற்றுநோய் வரலாம்.

நம்ம பக்கம் கெமிக்கல் ஆபத்துன்னா பட்டாசு ஆலைதான் ஞாபகம் வரும். டீக்கடை வாசல்ல பிரேக்ல பத்த வைக்கிறதும் ஒரு குட்டி சாய ஆலைதான் மச்சி. விட்டா ஆபத்து வருஷம் ஆக ஆகக் குறையும். வீட்ல யாருக்காவது சிறுநீர்ல ரத்தம் தெரிஞ்சா, வலி இல்லைன்னாலும் இளநீரோட நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நாங்க ஆறு மாசம் லேட்.